நாற்றத்தை வைத்து வரிசை போடாதீர்கள்

கச்சிராயபாளையம், வடக்கனந்தல் சுற்றுவட்டார ஏரிப் பாசனச் சங்கத்தாருக்கும், மீன் குத்தகைதாரர்களுக்கும், நூறு நாள் வேலைக்கு ஏரியில் இறங்கும் பெண்களுக்கும் ஒரு திறந்த மடல்



கழிவு கொட்டிக் கெட்டுப்போன ஏரிக்கரைகளைச் சுத்தம் செய்யச் சொல்லிக் கலெக்டரிடம் மனு கொடுக்கப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நல்ல காரியம். மனுவின் முதல் இடத்தில் ரோட்டோர ஏரியை எழுதியிருப்பதாகவும் சொன்னார்கள். ஏன் அதற்கு முதலிடம் என்று உங்களில் ஒருவரைக் கேட்டேன். "பஸ்ஸில் போனாலே மூக்கைப் பிடிக்க வேண்டியிருக்கு சார், அதைவிட மோசம் வேற எது?" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்த மடல். பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரோட்டோரக் குவியலில் என்ன கிடக்கிறது? கோழிக்கடை இறகு, குடல், ஓட்டல் எச்சில் இலை, பாலிதீன் பை, கல்யாண மண்டபத்து மிச்சம். அது நாறுவது அழுகுவதால். அழுகுவது என்றால் நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கின்றன என்று பொருள். ஈ வரும், நாய் வரும், எலி வரும், மழைக்கு அதன் சாறு ஏரியில் இறங்கும். கெடுதல் இல்லை என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் கொட்டுவதை நிறுத்தினால் கோழிக் குடல் சில மாதத்தில் மண்ணாகிவிடும்.

இன்னொரு ஏரிக்குப் போவோம். பெயர் வேண்டாம், இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்த ஏரிக்கும் பொருந்தும். மதகுப் படிக்கட்டு. கரும்புக்கோ பருத்திக்கோ மருந்தடித்துவிட்டு டேங்கைக் கொண்டுவந்து அலசுகிற இடம். நாற்றம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கல்லில் வெள்ளையாகக் காய்ந்த நுரைக்கோடு, படிக்கட்டின் இடுக்கில் நாலைந்து காலி பாட்டில். அதில் ஒன்றை எடுத்து லேபிளைப் பாருங்கள். சாய்த்து வைத்த ஒரு சதுரம் இருக்கும், அதன் கீழ்ப்பாதியில் ஒரு நிறம். சிவப்பு என்றால் கடும் நஞ்சு, அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்குள் வாய்வழி போனாலே சோதனை விலங்குகளில் பாதி செத்துவிடும் என்றால் சிவப்பு. 5,000 மில்லிகிராமுக்கு மேல் போனால்தான் என்றால் பச்சை. ஆபத்தை வரிசைப்படுத்துவது ஒன்றும் புதுச் சரக்கு இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். மாட்டுக்கொட்டகை இறவானத்தில் செருகி வைத்திருக்கும் பாட்டிலிலேயே அரசாங்கம் வரிசை போட்டுத்தான் கொடுத்திருக்கிறது. குவியலின் உயரத்தையோ நாற்றத்தையோ அது பார்க்கவில்லை. எவ்வளவு உள்ளே போனால் ஆள் சாவான் என்று பார்த்தது.

நம் மாவட்டத்தில் இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று உங்களுக்கே புரியும். 2024 ஜூனில் கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்தவர்களுக்குச் சாராயத்துக்கும் மெத்தனாலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நிறம் ஒன்று, வாடையும் ஏறக்குறைய ஒன்று. 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோன பிறகும் கண்ணும் மூக்கும் சொல்வதை வைத்து நஞ்சை எடைபோடலாம் என்று நாம் நினைத்தால், வேறு எதைப் பார்த்துத் திருந்தப் போகிறோம்? அதே ஜூனில் கல்வராயன் மலையில் போலீசார் ஊறல் பேரல்களைக் கவிழ்க்கும் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. வெல்லமும் வேலம்பட்டையும் ஊறிய தண்ணீர் அது. ஓடையில் கலந்தால் கறுத்து நாறும், மீன் மூச்சு முட்டிச் சாகும், சில வாரத்தில் தெளியும். படத்துக்கு ஏற்றது ஊறல். ஆளைக் கொன்றது படத்தில் தெரியாத திரவம்.

இந்தத் தப்பு நமக்கு மட்டும் உரியதில்லை, அரசுப் பட்டியல்களிலும் இருக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-ல் நாடு முழுக்க 351 ஆற்றுப் பகுதிகளை மாசடைந்தவை என்று பட்டியலிட்டு ஐந்து வகையாகப் பிரித்தது. முதல் வகையில் வந்தவற்றில் நம் பக்கத்து வசிஷ்ட நதியும் ஒன்று. கல்வராயனில் பிறக்கும் கரியகோயில் ஆறு போய்ச் சேருவது அதில்தான். ஆத்தூர், தலைவாசல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. அந்த வகைப்பாடு எதை வைத்து? பி.ஓ.டி. என்ற ஒரே அளவை வைத்து. தண்ணீரில் கிடக்கும் அழுகும் பொருளைத் தின்று தீர்க்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்ஸிஜன் வேண்டும் என்கிற கணக்கு அது. லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினால் முதல் வகை. சாக்கடையையும் ஆலைக்கழிவையும் பிடிக்க நல்ல அளவுதான். ஆனால் பாதரசம், குரோமியம், ஈயம், பூச்சிமருந்து இதில் அகப்படவே அகப்படாது. நுண்ணுயிரையே கொல்லும் அளவுக்கு நஞ்சிருந்தால், தின்ன ஆளில்லாமல் பி.ஓ.டி. குறைவாகக்கூடக் காட்டும்.

சில எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆறு, ஏரியில் விடும் கழிவுநீரில் பி.ஓ.டி. லிட்டருக்கு 30 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது பொது வரம்பு. குடிநீரில் நைட்ரேட் 45 மில்லிகிராம் வரை. சயனைடு 0.05. குரோமியம் 0.05. ஈயம் 0.01. பாதரசம் 0.001. உடைந்த பழைய காய்ச்சல்மானியில் ஒரு கிராம் பாதரசம் என்று வைத்துக்கொண்டால், அதை அந்த வரம்புக்குக் கொண்டுவர 10 லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். இது தாள் கணக்கு. உலோகப் பாதரசம் முழுக்கக் கரையாது. ஆனால் ஏரியின் அடிச்சேற்றில் அது தங்கி, அங்குள்ள நுண்ணுயிர்களால் மீத்தைல் பாதரசமாக மாறி, புழுவிலிருந்து சின்ன மீனுக்கும் சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்கும் ஏறும்போது கூடிக்கொண்டே போகும். மற்ற மீனைத் தின்னும் விராலில்தான் அதிகம் சேரும். சந்தையில் விலை அதிகம் போவதும் விரால்தான்.

கொடைக்கானலை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இயங்கிய காய்ச்சல்மானி ஆலையை 2001-ல் மூடினார்கள். ஆலை வளாகத்து மண்ணைச் சுத்தம் செய்வது எந்த அளவுக்கு என்ற பேச்சே பல ஆண்டுகள் இழுத்தது. அந்த ஊர் ஏரியில் படகுச் சவாரி நடந்துகொண்டுதான் இருக்கிறது. கண்ணுக்கு அவ்வளவு அழகு. பெங்களூரு பெல்லந்தூர் ஏரி நுரை தள்ளி, 2017-லும் 2018-லும் தீப்பிடித்தே எரிந்தது, நாடே பார்த்தது. எந்த ஏரி டி.வி.யில் வந்தது என்பதற்கும் எது அதிகக் காலத்துக்குக் கெடுக்கும் என்பதற்கும் சம்பந்தம் இல்லை.

சரி, எப்படித்தான் வரிசை போடுவது? உலகம் முழுக்கச் சுற்றி வந்தாலும் மூன்று கேள்விதான், அவற்றை வைத்துத்தான் ஒவ்வொரு கரைக்கும் மதிப்பெண் போட வேண்டும். கரையில் கிடப்பது என்ன, எவ்வளவு, எத்தனை காலம் நிற்கும்? அது எந்த வழியாக நகரும்? வழியின் முடிவில் யார் இருக்கிறார்கள்? மூன்றில் ஒன்று பூஜ்ஜியமானால் ஆபத்தும் ஏறக்குறையப் பூஜ்ஜியம். கொடிய நஞ்சு காங்கிரீட் தொட்டிக்குள் பூட்டிக் கிடந்தால் அவசரமில்லை. சாதாரணக் கழிவே குடிநீர்க் கிணற்றுக்கு இருபதடி தள்ளிக் கிடந்தால் அவசரம்.

முதல் கேள்விக்கு நீங்களே பாதி பதில் வைத்திருக்கிறீர்கள். மரவள்ளித் தழையைப் பச்சையாகத் தின்ற ஆடு வயிறு உப்பிச் சாவதைப் பார்க்காத வீடு இங்கே இல்லை. கிழங்கின் தோலிலும் அதே சயனைடு சரக்குத்தான். மரவள்ளியை அரைக்கும் ஜவ்வரிசி ஆலைத் தண்ணீரும் திப்பியும் புதிதாக இருக்கும்போது ஆபத்து. வெயிலிலும் காற்றிலும் சயனைடு சீக்கிரம் போய்விடும். அதற்குப் பிறகு மிஞ்சுவது புளித்த நாற்றம். ஆக, நாற்றம் உச்சத்துக்கு வரும்போது சயனைடு ஆபத்து இறங்கியிருக்கலாம். ரைஸ் மில் ஊறல் தொட்டித் தண்ணீரும் உமிச்சாம்பலும் வேறு வகை, கண்ணுக்கும் மூச்சுக்கும் உபத்திரவம், நஞ்சு வரிசையில் கீழே. சர்க்கரை ஆலை எதிலும் வெளிவரும் தண்ணீரில் எண்ணெய்ப்பசையும் சர்க்கரையும் இருக்கும், அது பி.ஓ.டி. சங்கதி. நம்மூர் ஆலைமீதோ வேறு யார்மீதோ நான் இங்கே புகார் சொல்லவில்லை. எந்தக் கரைக்கு மேலே எந்த வகைத் தொழில் இருக்கிறது என்று தாளில் குறிக்க வேண்டும், அவ்வளவுதான். குறிக்கத் தவறக்கூடாதவை சின்ன இடங்கள்: பழைய பேட்டரி உடைக்கும் கொட்டகை, ஒயரைக் கொளுத்திச் செம்பு எடுக்கும் மூலை, ஊசியும் மருந்துக்குப்பியும் மூட்டையாக வந்து விழும் திருப்பம், நான் சொன்ன மதகுப் படிக்கட்டு. கரையில் அரை சென்ட்தான் பிடிக்கும் இடங்கள், யார் மனுவிலும் இருக்காது. விநாயகர் சிலை கரைக்கும் துறையையும் சேருங்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைவிட அதன்மேல் பூசிய பெயின்ட்தான் அங்கே கவனிக்க வேண்டியது.

இரண்டாவது கேள்வி, வழி. இதில் நீங்கள்தான் எனக்கு வாத்தியார். கல்படை, பொட்டியம், மாயம்பாடி ஓடைகள் மலையிலிருந்து இறங்கி 46 அடி கோமுகி அணையில் நிற்கின்றன. அங்கிருந்து ஆறும் வாய்க்காலும் ஏரி ஏரியாக நிரப்பிக்கொண்டு போகின்றன. மேலேரி கோடி போனால் கீழேரிக்கு வரத்து. ஆகவே மேலேரிக் கரையில் கிடக்கும் ஒரு மூட்டை நஞ்சுக்கும் கடைசி ஏரிக் கரையில் கிடக்கும் ஒரு மூட்டைக்கும் ஒரே மதிப்பெண் போடக்கூடாது. எந்த வருஷம் எந்த ஏரி கோடி போனது, எந்த மதகு ஒழுகுகிறது, எந்தக் கரை எந்த மழையில் உடைந்தது என்பதெல்லாம் எந்த ஆய்வுக்கூடத்திலும் இல்லை, உங்கள் தலையில் இருக்கிறது.

வழி என்றதும் எல்லோரும் தண்ணீரை மட்டும் நினைக்கிறோம். வண்டல் மண்ணை மறந்துவிடுகிறோம். கோடையில் ஏரி வற்றியதும் தாசில்தார் அனுமதியோடு டிராக்டர் டிராக்டராக வண்டல் எடுத்து வயலில் கொட்டுகிறோம். நல்ல வழக்கம், பாட்டன் காலத்து வழக்கம். ஆனால் உலோக நஞ்செல்லாம் போய்ப் படிவது அந்த வண்டலில்தான். கரையின் ஒரு மூலையில் பேட்டரி ஈயம் இறங்கியிருந்தால், அந்த மூலையில் வெட்டிய மண் நாம் கைப்படக் கொண்டுபோய் வயலில் பரப்பிய ஈயமாகிவிடும். அனுமதி வாங்கும் முன்பு சந்தேகப்பட்ட மூலைகளில் மண் எடுத்துச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். மனுவில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

மூன்றாவது, முடிவில் யார் இருக்கிறார்கள். இங்கேதான் நம் ஏரிகள் வெளிநாட்டு ஏரிகளிலிருந்து அடியோடு வேறு. அங்கே கரை என்பது பெரும்பாலும் வேடிக்கை பார்க்கிற இடம். இங்கே பல ஊர்களில் குடிநீர்க் கிணறும் போரும் ஏரிக்கு உள்ளேயோ கரையை ஒட்டியோ இருக்கின்றன. மாடு குளிக்கிறது, வாத்து மேய்கிறது, துணி துவைக்கிறோம், பையன்கள் மதகில் குதிக்கிறார்கள். நூறு நாள் வேலையில் செருப்பில்லாமல் சேற்றில் இறங்கி மண் வெட்டும் பெண்களை எந்தப் பட்டியல்காரரும் கணக்கில் எடுத்து நான் பார்த்ததில்லை. காலில் பித்தவெடிப்போடு நாள் முழுக்க அந்தச் சேற்றில் நிற்பவர்கள் அவர்கள். மதிப்பெண் தாளில் அவர்களுக்குத் தனி வரி வேண்டும்.

வழியும் ஆளும் மட்டும் அல்ல, கழிவை அடைத்து வைத்த சுவரையும் பார்க்க வேண்டும். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத்தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கசடில் மூழ்கிச் செத்தார்கள். மெல்லக் கொல்லும் நஞ்சை மட்டும் அளந்துகொண்டிருந்தால் இதைப் போன்றது எந்தத் தாளிலும் வராது.

மதிப்பெண் போடும்போது ஒரு கணக்குப் பொறி இருக்கிறது, அதில் விழாதீர்கள். அமெரிக்காவில் லவ் கெனால் என்ற இடத்தில் ரசாயனக் கழிவைப் புதைத்த நிலத்தின்மேல் பள்ளிக்கூடமும் வீடுகளும் கட்டி, 1978-ல் அங்கே குடியிருந்த குடும்பங்களை வெளியேற்ற வேண்டி வந்தது. அதன் பிறகு எந்த இடத்தை முதலில் சுத்தம் செய்வது என்பதற்கு அவர்கள் ஒரு மதிப்பெண் முறை வைத்தார்கள். 1990-ல் திருத்தியபடி நிலத்தடி நீர், மேல்நீர், மண், காற்று என்று நான்கு வழிகள், ஒவ்வொன்றுக்கும் 100. இறுதி மதிப்பெண் 28.5-ஐத் தொட்டால் தேசியப் பட்டியலில் இடம். இப்போது ஓர் இடத்தில் கிணற்று நீர் 100, மற்ற மூன்றும் பூஜ்ஜியம் என்று வையுங்கள். சராசரி எடுத்தால் 25, பட்டியலுக்கு வெளியே போய்விடும். அவர்கள் சராசரி எடுப்பதில்லை. ஒவ்வொன்றையும் அதனாலேயே பெருக்கி, கூட்டி, நாலால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்கிறார்கள். 50 வருகிறது, உள்ளே வந்துவிடுகிறது. கொல்ல ஒரு வழி போதும் என்பதைக் கணக்கிலேயே வைத்துவிட்டார்கள். நமக்கு வர்க்கமூலம் வேண்டாம். எந்த வழியில் அதிக மதிப்பெண்ணோ அதையே அந்தக் கரையின் மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ளுங்கள். சமமாக வந்தால் மட்டும் அடுத்த வழியைப் பாருங்கள்.

மதிப்பெண் போட்டதும் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2009-ல் மத்திய வாரியம் 88 தொழில் வட்டாரங்களுக்கு மதிப்பெண் போட்டது. 70-ஐத் தாண்டியவை 43. தமிழ்நாட்டில் வேலூர் 81.79, கடலூர் 77.45, மணலி 76.32, கோவை 72.38. 2010 ஜனவரியில் அந்த 43 இடங்களிலும் புதுத் தொழிலுக்கு அனுமதி நிறுத்திவைக்கப்பட்டது. உடனே செயல்திட்டங்கள் பறந்தன, தடை ஒவ்வொன்றாக விலகியது, பிறகு மதிப்பெண் போடும் முறையும் திருத்தப்பட்டது. ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் ஆலை விட்டுச்சென்ற ஒன்றரை லட்சம் டன் கழிவு, செயல்திட்டத்தைப் பார்த்து எழுந்து நடந்துவிடவில்லை. ஆகவே உங்கள் தாளில் மதிப்பெண்ணை மட்டும் எழுதாதீர்கள். எதைப் பார்த்து அந்த எண்ணைப் போட்டீர்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்: நாள், இடம், போட்டோ, கையெழுத்து. எண்ணைத் திருத்துவது சுலபம், போட்டோவைத் திருத்துவது அவ்வளவு சுலபமில்லை.

மனு எங்கே போகும் என்பதில் ஒரு நல்ல சேதி உண்டு. மாசடைந்த இடங்களின் மேலாண்மைக்கு மத்திய அரசு 2025 ஜூலையில் தனி விதிகளைக் கொண்டுவந்தது. சந்தேகத்துக்கு இடமான இடங்களை உள்ளாட்சி அமைப்போ மாவட்ட நிர்வாகமோ தானாகவோ பொதுமக்கள் புகாரின் பேரிலோ அடையாளம் காண வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பட்டியல் கொடுக்க வேண்டும், மாநில வாரியம் 90 நாளில் முதற்கட்ட ஆய்வு செய்ய வேண்டும். ஆனால் சாதாரணக் குப்பைமேடு இந்த விதிக்குள் வராது, அதற்குள் ரசாயன நஞ்சு வரம்பு மீறிக் கலந்திருந்தால் ஒழிய. உங்கள் மனுவின் முதல் இடத்தில் ரோட்டோரக் கோழிக்கழிவு இருந்தால், மொத்த மனுவையும் "பேரூராட்சிக்கு அனுப்புக" என்று ஒரு வரியில் திருப்பிவிடுவார்கள். பேட்டரி கொட்டகையும் மருந்து பாட்டில் மதகும் அதோடு சேர்ந்து திரும்பி வரும். இரண்டு மனுவாகப் பிரியுங்கள். குப்பைக்கு ஒன்று, பேரூராட்சிக்கும் ஊராட்சிகளுக்கும். நஞ்சுக்கு ஒன்று, ஆட்சியருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும்.

பரிசோதனைக்கு ஊராட்சியில் கொடுத்திருக்கும் குடிநீர்ப் பெட்டியை நம்பி உட்காராதீர்கள். உப்பு, நைட்ரேட், ஃபுளோரைடு, இரும்பு வரை அது சொல்லும். பாதரசத்தையும் பூச்சிமருந்தையும் சொல்லாது. அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டும், செலவும் ஆகும். வரிசை போடுவதே அந்தச் செலவை எங்கே செய்வது என்று தீர்மானிக்கத்தான். எல்லாக் கரையிலும் எல்லாச் சோதனையும் செய்ய யாரிடமும் பணமில்லை.

நடந்து பார்ப்பதை ஐப்பசி மழைக்கு முன் ஒரு தடவை வைத்துக்கொள்ளுங்கள். முதல் மழை பெய்து வாய்க்கால் கலங்கி வரும்போது இன்னொரு தடவை. கிராம நிர்வாக அலுவலரிடம் ஏரியின் அளவு வரைபடம் இருக்கும். குடிநீர்க் கிணறு, போர் எங்கெங்கே என்பது டேங்க் ஆபரேட்டருக்குத் தெரியும். அவர் இல்லாமல் கிளம்ப வேண்டாம். ஊராட்சிகள் கிராம சபையில் தீர்மானம் போடட்டும். கச்சிராயபாளையம் பேரூராட்சி எல்லைக்குள் வருவதால் நமக்குக் கிராம சபை கிடையாது, பகுதி சபையில் வைக்க வேண்டும்.

கடைசியாக மீன் குத்தகைதாரர்களுக்கு. கரை கெட்டது என்று பட்டியலில் வந்தால் மீன் விலை விழும் என்று நீங்கள் தயங்குவதாகச் சொன்னார்கள். தயக்கம் நியாயமானது. முன்பணம் கட்டி, குஞ்சு விட்டு, தீவனம் போட்டவர் நீங்கள். நஞ்சைக் கொட்டியவர் வேறு யாரோ. ஆனால் பட்டியலை மறைத்து வைக்க என்னால் சம்மதிக்க முடியாது, அந்த மீனை வாங்கிப்போய்ப் பிள்ளைக்கு ஊட்டுகிறவர்கள் நம் ஊர்க்காரர்கள்தான். ஆய்வு முடிவு வரும்வரை மீன்பிடிப்பை நிறுத்தச் சொன்னால், அந்தக் காலத்துக்குக் குத்தகைப் பணத்தைக் கழித்துத் தர வேண்டும் என்று ஏலம் விட்டவர்களிடம் கேட்கலாம். அந்தக் கோரிக்கையையும் நஞ்சு மனுவிலேயே தனிப் பத்தியாக எழுதுங்கள். சங்கத்தார் அதில் முதல் கையெழுத்துப் போட வேண்டும். குத்தகைதாரரைத் தனியாக அலைய விடக்கூடாது.

இப்படிக்கு,
உங்கள் ஊர்க்காரன், ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்
கச்சிராயபாளையம்